தப்பான விடையின் குரல்

1

இந்தக் கதை நானாக யோசித்தது இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் பேருந்தில் வைத்து என் தலையில் கட்டப்பட்டது.

கட்டியவள் சந்தனமேரி. வ. புதுப்பட்டிக்காரி, ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் காயத்துக்குக் கட்டும் துணி நெய்கிற கம்பெனி ஒன்றில் டெஸ்பாட்ச் கிளார்க். ஒழிந்த நேரத்தில் கதை எழுதுகிறவன். அவளுடைய ஆஸ்பத்திரிக்கு எங்கள் துணி போகிறது. எங்களுக்குள் பழக்கம் அவ்வளவுதான்.

அன்று அவள் முன் இருக்கையில் இருந்தாள். திரும்பி உட்கார்ந்து, லேசாகத் தொண்டையைச் செருமிக்கொண்டாள். அது அவள் வழக்கம். எதைச் சொல்வதற்கு முன்னும் ஒரு செருமல்.

"அண்ணே, நீங்க கதை எழுதுவீங்களாமே?"

"ஆமா. யார் சொன்னா?"

"யாரோ சொன்னாவ. எனக்கு ஒண்ணு நடந்துருக்கு. எழுதுங்க. ஆனா எனக்காவ இரக்கப்பட்டு எழுதாதீய."

எனக்கு யாரையும் சட்டென்று நம்பும் பழக்கம் கிடையாது. தேங்காய் வாங்கினால் இரண்டு தடவை தட்டிப் பார்ப்பேன். மூன்றாவது தடவை கடைக்காரர் முகத்தைப் பார்ப்பேன். தன் கதையை எழுதச் சொல்லித் தேடி வருகிறவர்களிடம் ஏதோ ஒன்று இருக்கும், அதை மறைக்கத்தான் கதை கேட்கிறார்கள் என்பது என் எண்ணம். அந்த எண்ணத்தோடுதான் கேட்க ஆரம்பித்தேன்.

2

அவள் சொன்னது இதுதான். அயர்லாந்தில் ஒரு மருத்துவமனையில் அவளுக்கு வேலை தயாராக இருந்தது. நடுவில் ஓர் ஆங்கிலத் தேர்வு. வாசிப்பு, எழுத்து, பேச்சு மூன்றிலும் தேறிவிட்டாள். காதால் கேட்டு விடை சொல்கிற பகுதியில் மட்டும் கொஞ்சத்தில் போய்விட்டது. ஏஜென்சிக்காரர்கள் அடுத்த தேர்வுவரை இடத்தைப் பிடித்துவைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதிலும் போனால் அந்த இடம் வேறொருத்திக்கு.

இதை எப்படி ஆரம்பிப்பது?

*சந்தனமேரி ஹெட்போனை மாட்டியபோது வெளியே மழை* (வேண்டாம். தேர்வு நடந்த அன்று மதுரையில் மண்டையைப் பிளக்கிற வெயில். மழை வந்தால் கதைக்கு ஒரு சோகம் தானாக வந்துவிடும். அந்தத் தள்ளுபடி எனக்கு வேண்டாம்.)

*ஆண்டாள் கோயில் கோபுரத்தின் நிழல்* (இதுவும் வேண்டாம். எங்கள் ஊரைப் பற்றி எழுதினால் முதல் பக்கத்தில் கோபுரமும் இரண்டாம் பக்கத்தில் பால்கோவாவும் வந்தே ஆகவேண்டும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு இந்த அடைப்புக்குறி போதும்.)

*அந்தக் குரல் அவளுக்குத் தெரிந்த குரல். ஆறாம் வகுப்பில் அவளுக்கு ஆங்கிலம் நடத்திய டீச்சரின்* (சினிமா. அடித்துவிட்டேன்.)

கேட்டதை அப்படியே வைக்கிறேன். தேர்வில் ஓர் உரையாடல் வந்தது. ஒரு வார்டில் இரண்டு நர்ஸ்கள், ஷிப்டு மாறும் நேரம். முதலில் ஓர் இங்கிலாந்துக்காரர் குரல்: வயிற்றில் ஆபரேஷன் ஆனவருக்குத் தினமும் காலையில் கட்டைப் பிரித்து மாற்ற வேண்டும். அடுத்து ஒரு பெண் குரல்: இல்லை, மதியம் டாக்டர் வந்து பார்த்துவிட்டார், அவர் மறுபடி சொல்லும்வரை கட்டைத் தொடக் கூடாது. அடுத்து வரும் நர்ஸ் என்ன செய்ய வேண்டும் என்பது கேள்வி.

அந்தப் பெண் குரல் நம் பக்கத்து ஆங்கிலம் பேசியது.

"எங்க சித்தி மவ பேசுற மாதிரியே இருந்துச்சுண்ணே" என்றாள் மேரி. "ஒரு சொல்லு விடாம வெளங்குச்சு."

"பொறவு என்ன டிக் அடிச்ச?"

"தினமும் மாத்தணும்னு."

நான் பேருந்தின் ஜன்னல் பக்கம் பார்த்தேன். கிருஷ்ணன்கோவில் பக்கம் போகும் கல்லூரிப் பேருந்து ஒன்று எதிரே வந்து கடந்தது. டாக்டர் கடைசியாகச் சொன்னதுதான் சட்டம் என்று ஆஸ்பத்திரி வாசலில் இளநீர் விற்கிறவருக்குக்கூடத் தெரியும். இவள் வருஷக்கணக்காக வார்டில் நிற்கிறவள். ஒரு சொல் விடாமல் விளங்கியதாம், விடை மட்டும் தப்பாம். அதே மாதிரி இன்னும் நாலைந்து உரையாடல் வந்ததாம், எல்லாவற்றிலும் அப்படியேதான் அடித்தாளாம்.

விளங்கவில்லை என்று ஒப்புக்கொள்ள வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். வாசகரே, நீங்களும் அப்படித்தானே நினைத்தீர்கள்?

3

(இந்தப் பகுதி கட்டுரை மாதிரி இருக்கும். அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம்.)

இந்த மாதிரித் தேர்வுகளில் முன்பெல்லாம் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள்தான் பேசுவார்கள் என்றும், இப்போது மற்றவர்களையும் பேசவைக்கிறார்கள் என்றும் மேரி சொன்னாள். யோசித்தால் நியாயம்தான். அயர்லாந்தில் ஒரு வார்டில் யார் யார் இருப்பார்கள்? கேரளத்து நர்ஸ், பிலிப்பைன்ஸ் நர்ஸ், நைஜீரிய டாக்டர். அவர்கள் பேசுவது விளங்காமல் செய்தி வாசிப்பவர் பேசுவது மட்டும் விளங்கி என்ன பிரயோஜனம்? நோயாளி செய்தி வாசிக்கச் சொல்லிக் கேட்கப்போவதில்லை.

ஆனாலும் நியாயமாகத் தெரிகிற எதையும் ஒருமுறை திருப்பிப் பார்ப்பது என் வழக்கம். அந்தக் குரல்களை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? நம் பக்கத்துப் பெண்ணாகப் பேசியது நம் பக்கத்துப் பெண்தானா, அல்லது எங்கோ ஒரு ஸ்டுடியோவில் யாரோ ஒருத்தி மூக்கைச் சுருக்கிக்கொண்டு நடித்தாளா? "நடிப்பு இல்லண்ணே" என்று மேரி உறுதியாகச் சொன்னாள். "நெசமா வார்டுல நின்னவ குரலு."

எங்கள் கம்பெனித் துணியும் வெளிநாடு போகிறது. துணிக்கு வாய் கிடையாது. அதனால் அதற்குப் பரீட்சை வைப்பதில்லை.

4

மேரி சொன்னதைச் சரிபார்க்க நான் கிறிஸ்டோவைப் பார்க்கப் போனேன். மேரிக்குப் பயிற்சி கொடுத்தவர் அவர். ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம், ஒரு பேட்டரிக் கடைக்கு மேலே அவருடைய சென்டர். சென்னையில் கால்சென்டரில் சில காலம் இருந்துவிட்டு வந்தவர். வெள்ளைச் சட்டை, நிதானமான முகம்.

"சந்தனமேரி நல்ல உழைப்பாளி" என்றார் கிறிஸ்டோ. "ஆனால் கேட்டுப் புரிந்துகொள்வதில் அவருக்குக் கொஞ்சம் தடுமாற்றம் உண்டு. தேர்வு அறையில் பதற்றம் வந்தால் காது அடைத்துவிடும். பிறகு எல்லாம் கேட்டது என்று தோன்றும். இது மனித இயல்பு."

"நம்ம பக்கத்துக் குரல் வந்ததாச் சொல்லுதாளே?"

"வந்திருக்கலாம். அதற்காகத்தான் என் மாதிரித் தேர்வுகளில் நம் பக்கத்துக் குரல்களையும் சேர்த்திருக்கிறேன். வேறு எந்தப் பயிற்சி மையத்திலும் இதைச் செய்வதில்லை. அதற்குப் பிறகும் ஒருவர் தவறு செய்தால் நான் என்ன செய்ய முடியும்?"

தெளிவாக இருந்தது. எனக்குத் திருப்தி. கதையை இங்கேயே முடித்திருப்பேன். தன் தோல்விக்குக் குரலின் மேல் பழிபோட்ட ஒரு பெண்ணின் கதை. இரக்கப்படாதே என்றுதானே சொன்னாள், இரக்கப்படாமலே எழுதியிருப்பேன்.

கிளம்பும்போது, எந்தக் காரணமும் இல்லாமல், "நானும் ஒரு மாதிரித் தேர்வு எழுதிப் பாக்கட்டுமா?" என்று கேட்டேன்.*

* எந்தக் காரணமும் இல்லாமல் என்பது பொய். தேங்காயை மூன்றாவது தடவை பார்க்கிற புத்திதான்.

5

என் ஆங்கிலம் எங்கள் கம்பெனி லாரி போகிற வேகத்தில் போகும். ஏற்றத்தில் நின்றுவிடும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். இரண்டிரண்டு பேராகப் பேசிக்கொண்டார்கள். மருந்து, ஊசி, படுக்கை, சாப்பாடு என்று பாதி விளங்கியது, மீதி ஓடிவிட்டது. தோன்றியதை டிக் அடித்தேன்.

முழு மார்க்.

கிறிஸ்டோ கைகொடுத்தார். எனக்கு ஒரு கணம் அயர்லாந்தே தெரிந்தது. அடுத்த கணம் சந்தேகம் வந்தது. என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா? சரியாக விளங்காத ஒரு பரீட்சையில் நான் எப்படி முழு மார்க் வாங்குவேன்?

"இன்னொண்ணு குடுங்க" என்றேன். இந்தத் தடவை அவர் அந்தப்பக்கம் போனதும் சத்தத்தை நன்றாகக் குறைத்துவிட்டேன். சொற்கள் விளங்காது. யார் பேசுகிறார் என்பது மட்டும் தெரியும், அடுத்த வீட்டில் பேசுவதுபோல. எந்த விடை யார் சொன்னது என்று திரையிலேயே, உரையாடலில் வருகிறவரின் பெயர் போட்டிருந்தது. வெள்ளைக்காரப் பெயராகப் பார்த்து அடித்தேன்.

மறுபடியும் முழு மார்க்.

அப்போதுதான் உறைத்தது. நான் பரீட்சை எழுதவே இல்லை. வெள்ளைக்காரக் குரல் சொன்னதையெல்லாம் சரி என்று அடித்துக்கொண்டே போயிருக்கிறேன். நம் பக்கத்துக் குரல் சொன்னது ஒன்றுகூடச் சரி இல்லை. ஒவ்வொரு உரையாடலிலும் நம் குரல் வரும், ஏதாவது ஒன்றைத் தப்பாகச் சொல்லும், வெள்ளைக்காரக் குரல் சரியானதைச் சொல்லும்.

சத்தத்தை ஏற்றி மறுபடி கேட்டேன். தப்பாகச் சொல்கிற குரல் ஒரு பெண்ணுடையது. ஒவ்வொரு தடவையும் பேசுவதற்கு முன் லேசாகத் தொண்டையைச் செருமிக்கொண்டது.

சந்தனமேரி.

6

அன்று சாயந்திரமே அவளைப் பிடித்தேன். ஆஸ்பத்திரி வாசலில், அவள் ஷிப்டு முடிந்து வந்தபோது.

"ஏம்மா, அந்தக் குரல் நீதானா?"

அவள் சிரிக்கவில்லை. "ஆமா."

"மொதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நம்புவீயளா? ஏங்குரலக் கேட்டு நானே ஏமாந்துட்டேன்னு சொன்னா, படிச்சவ செய்யுற காரியமான்னு கேப்பீய. நீங்க பஸ்ல என்னையப் பாத்த பார்வையிலேயே தெரிஞ்சுது."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவள் தொடர்ந்தாள்.

"சார் என்னையக் கூப்புட்டு, 'சிஸ்டர், நீங்க பேசுங்க, ரெக்கார்டு பண்ணணும்'னாரு. எம்புட்டு சந்தோசம் தெரியுமாண்ணே? பேட்ச்ல அம்புட்டுப் பேரு இருக்கையில என்னையத்தான கூப்புட்டாரு, நம்ம இங்கிலீசு நல்லாருக்கும்போலன்னு நெனச்சேன். வாசிக்கக் குடுத்தது பூராவும் தப்பு விடை. பரவால்ல, யாராவது சொல்லித்தானே ஆவணும்னு சொல்லிட்டேன். பொறவு அத வச்சே நானும் படிச்சேன். தெனமும் ஹெட்போன மாட்டுனா ஏங்குரலு வரும். தப்புன்னு அடிப்பேன். மார்க் வரும். அங்க மதுரையில அந்தப் புள்ள பேசுனப்ப..."

நிறுத்திவிட்டாள். ஜாஸ்மின் என்ற சின்ன நர்ஸ் ஒருத்தி "வாரேன் அக்கா" என்று சொல்லிவிட்டுக் கடந்து போனாள். அவள் போகும்வரை மேரி காத்திருந்தாள்.

"இப்ப வார்டுலயும் அப்புடித்தாண்ணே ஆவுது. கேரளாவுலேர்ந்து புது டாக்டர் வந்துருக்காரு, போன்ல இங்கிலீசுலதான் சொல்லணும். சொல்லிட்டு, சரியாத்தான் சொன்னமான்னு இருக்கும். போனை இந்த ஜாஸ்மின்ட்ட குடுத்து, நீ ஒருக்கா சொல்லுட்டின்னு சொல்றேன். நேத்து வந்த புள்ள அது. எனக்கு அழுகையா வருது."

இரக்கப்படாதே என்று அவள் போட்ட நிபந்தனையை இந்த இடத்தில் என்னால் காப்பாற்ற முடியவில்லை.

7

மறுநாள் மேரியையும் அழைத்துக்கொண்டு கிறிஸ்டோவிடம் போனேன். போவதற்கு முன் மனதுக்குள் அவரை வில்லனாக்கிப் பார்த்தேன். (*கிறிஸ்டோவின் உதட்டில் ஒரு கள்ளச் சிரிப்பு*. அப்படி ஒன்றும் இல்லை. அடித்துவிட்டேன்.)

இங்கே உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நான்காவது பகுதியில் கிறிஸ்டோ பேசியதாக நான் எழுதியது அவர் பேசிய மாதிரி இல்லை. "கேட்டுப் புரிந்துகொள்வதில் அவருக்குக் கொஞ்சம் தடுமாற்றம் உண்டு" என்று ராஜபாளையத்தில் எந்த மனிதன் பேசுவான்? கிறிஸ்டோ மகாராஜபுரத்துக்காரர். அவர் நிஜத்தில் சொன்னது: "அந்தக்கா நல்லா ஒழைக்கும்ணே. காதுதான் செத்த மந்தம். உள்ள போனா பதறிரும்." அதைத்தான் நான் இஸ்திரி போட்டு உங்களுக்குக் கொடுத்தேன். மேரி பேசியதை மட்டும் அவள் பேசியபடியே எழுதினேன். வேண்டுமென்றே செய்யவில்லை. கை அப்படிப் போயிற்று. நீங்கள் இரண்டாம் பகுதியில் மேரியைச் சந்தேகப்பட்டு, நான்காம் பகுதியில் கிறிஸ்டோவை நம்பியிருந்தால், அதில் என் கைக்கும் பங்கு உண்டு.

இனி அவர் பேசியபடியே:

"சத்தியமா நெனச்சுப் பண்ணலண்ணே" என்றார் கிறிஸ்டோ. "எங்கிட்ட இருந்தது பூராவும் பழைய வெள்ளைக்காரன் ஆடியோ. அதுல சரியான விடைதான் இருக்கும். புதுசா எல்லா ஊரு பேச்சும் வருதுன்னாவ. நம்ம பேச்சையும் சேப்போம், புள்ளைகளுக்குப் பழகட்டும்னு சேத்தேன். மிச்சம் இருந்தது தப்பு விடைதானே? வெள்ளைக்காரன் குரல்ல தப்பு சொல்ல நான் ஆளு எங்க போயிப் புடிப்பேன், சொல்லுங்க."

அவர் சொன்னதில் பொய் இல்லை. எல்லாரும் நல்ல எண்ணத்தோடு ஒரு காரியத்தைச் செய்திருந்தார்கள். என் சந்தேகத்துக்கு உட்கார இடமே இல்லாமல் போய்விட்டது.

"சிஸ்டர், இப்பவே மாத்திருவோம்" என்றார். சரியான விடைகளை மேரியே பேச, தப்பான விடைகளை அவரே தன் கால்சென்டர்க் குரலில் பேச, அன்று முழுக்க ரெக்கார்டு செய்தார்கள். நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். மேரிக்குச் சரியான வரிகளைப் பேச வரவில்லை. ஒவ்வொரு வரியும் கடைசியில் கேள்வி மாதிரி மேலே ஏறி நின்றது. "அடிச்சுச் சொல்லுங்க சிஸ்டர்" என்று கிறிஸ்டோ திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, கோபமாக, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

புது ஆடியோவை அப்போது படித்துக்கொண்டிருந்த பேட்ச்சுக்குக் கொடுத்தார் கிறிஸ்டோ. எல்லாரும் தப்பாக அடித்தார்கள். "என்ன சொல்லுதுன்னு வெளங்குச்சா?" என்று கேட்டதற்கு, வெளங்குச்சு சார் என்றார்கள். பொறவு ஏன் அடிக்கல? அதற்கு செலினா என்ற பெண் சொன்ன பதிலை மேரி என்னிடம் வந்து சொன்னாள்.

"அந்தக்கா எப்பவும் தப்பாத்தானே சார் சொல்லும்."

8

முடிவுகள்.

(அ) மேரி தேறுகிறாள். அயர்லாந்து போகிறாள். அங்கே ஒரு வார்டில் அவள் சொன்னதைக் கேட்டு ஒரு வெள்ளைக்கார நர்ஸ் தலையாட்டுகிறாள். இதை எழுதிப் பார்த்தேன், நன்றாகத்தான் வந்தது. ஆனால் அந்தத் தலையாட்டலுக்காகவே கதை முழுக்க நடந்ததுபோல் ஆகிவிட்டது. கிழித்துப் போட்டேன்.

(ஆ) மேரி தேறவில்லை. இங்கேயே இருக்கிறாள். (இதற்கு மேல் எழுத எனக்கு மனம் வரவில்லை. இரண்டாவது வாக்கியத்திலேயே நின்றுவிட்டேன்.)

(இ) இன்று, தேர்வுக்கு முந்தின நாள், அவள் எனக்குப் போன் செய்தாள். இது முடிவு இல்லை, நடந்தது.

"அண்ணே, ஒண்ணு சொல்லட்டுமா? இப்ப எனக்கு வேற பயம் வந்துருச்சு. இந்தத் தடவ கோவத்துல, நம்ம குரலு வந்தா அது என்ன சொன்னாலும் சரின்னு அடிச்சுட்டு வந்துருவனோன்னு இருக்கு. நம்ம ஆளும் தப்பு சொல்லுவால்ல?"

"சொல்லுவா."

"அப்ப நான் என்னத்தத்தான் கேக்கட்டும்?"

என்ன சொல்கிறார்கள் என்பதைக் கேள் என்று சொல்லவந்தேன். அதை அவளிடம் சொல்ல எனக்கு என்ன தகுதி? பேருந்தில் அவள் பேசியபோது நான் அதைக் கேட்கவில்லையே.

9

நாளை மதுரையில் தேர்வு. இதை நான் இன்றே எழுதுகிறேன். அதனால் இனி வருவதெல்லாம் கற்பனை.

மேரி ஹெட்போனை மாட்டிக்கொள்கிறாள். கை மவுஸின் மேல். கடைசி உரையாடல் வருகிறது. ஒரு வார்டு, ஒரு நோயாளி, ஷிப்டு மாறும் நேரம். முதலில் ஒரு வெள்ளைக்கார ஆணின் குரல், நிதானமாக. அடுத்து ஒரு பெண் குரல், நம் பக்கத்து ஆங்கிலத்தில், முதலில் ஒரு சின்னச் செருமல். அவர் ஒன்று சொல்கிறார். இவள் வேறு ஒன்று சொல்கிறாள். இரண்டில் ஒன்றுதான் சரி. ஒன்றை நம்பினால் நோயாளி பிழைப்பார், மற்றதை நம்பினால் காயம் சீழ் பிடிக்கும்.

மேரிக்கு ஒரு சொல் விடாமல் விளங்குகிறது. ஆனாலும் விரலை அழுத்தாமல் வைத்திருக்கிறாள்.

இந்த இடத்தில் கதையை உங்களிடம் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். ஆனால் அதற்கு முன் ஒரு விஷயம். அவர்கள் இருவரும் என்ன சொன்னார்கள் என்று நான் எழுதவில்லை. மேலே போய்ப் பாருங்கள், எங்கும் இல்லை. எழுதப்போவதும் இல்லை. அப்படியிருந்தும் யார் சொன்னது சரி என்று உங்கள் மனது ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. இல்லை என்று என்னிடம் சொல்லாதீர்கள். நான் தேங்காயைத் தட்டிப் பார்க்கிறவன்.

மேரி காத்திருக்கிறாள். முதலில் நீங்கள் டிக் அடியுங்கள். எதைக் கேட்டு அடித்தீர்கள் என்பதை அவளிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.